எல்லை தாண்டும் ஓடை: பாலக்காட்டுக் கிழக்கில் ஒரு நிலத்தோற்றத் திட்ட ஆய்வு

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் முதுகலை மாணவர்கள் ஐந்து பேர், கேரள எல்லையில் ஓடும் ஒரு சிற்றோடையின் நீர்ப்பிடிப்பு முழுவதற்கும் திட்டம் வரைந்தார்கள். அது எப்படித் தொடங்கியது, எங்கே திரும்பியது, என்ன ஆனது என்பதை வழிகாட்டியாக உடனிருந்தவன் என்ற முறையில் எழுதி வைக்கிறேன். ஊருக்கும் ஓடைக்கும் ஆட்களுக்கும் பெயர் போடவில்லை. நிலமும் தண்ணீரும் சம்பந்தப்பட்ட விஷயம், அதுவும் இரண்டு மாநிலத்துக்கு நடுவில். பெயர் இல்லாமலே புரியும்.

இடம்

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுப்போன இடம் பாலக்காட்டுக் கணவாய். அதன் கேரளப் பக்கத்துக் கிழக்கு ஓரத்தில் சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி என்று அந்தப் பக்கம் போனால் கடைப்பலகையில் மலையாளம் இருக்கும், கடைக்குள் கொங்குத் தமிழ் இருக்கும். பெண் கொடுத்ததும் எடுத்ததும் பெரும்பாலும் எல்லைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டுப் பக்கம்தான்.

கேரளத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். இந்த ஓரத்துக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. தரை கிழக்கிலிருந்து மேற்காகச் சரிகிறது. எனவே கோவை மாவட்டத்தில் பெய்கிற மழையில் ஒரு பங்கு கேரளத்துக்குள் வந்து கோரையாறு போன்ற சிற்றாறுகளில் சேர்ந்து, கல்பாத்திப்புழை வழியாகப் பாரதப்புழைக்குப் போய், பொன்னானியில் அரபிக்கடலில் கலக்கிறது. பாரதப்புழையின் மொத்த வடிநிலம் 6,186 சதுர கிலோமீட்டர். அதில் 1,786 தமிழ்நாட்டில் இருக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட ஓடையின் நீர்ப்பிடிப்பு இந்தக் கணக்கில் ஒரு துளி. ஆனால் பெரிய வடிநிலத்தின் சிக்கல் அத்தனையும் அதில் இருந்தது: தலை தமிழ்நாட்டில், வயிறும் காலும் கேரளத்தில்.

எல்லைக்கோடு செயற்கைக்கோள் படத்திலேயே தெரிகிறது. மேற்கே அடர்ந்த தென்னந்தோப்பு. கேரளத்தில் கள் இறக்கத் தடையில்லை, பல மாவட்டத்துக் கடைகளுக்கும் கள் போவது சித்தூர் தாலுகாத் தோப்புகளிலிருந்துதான். அதனால் இங்கே தென்னைக்குத் தேங்காயைத் தாண்டிய மதிப்பு உண்டு. கிழக்கே தமிழ்நாட்டுப் பக்கம் தோப்புகளுக்கு நடுவே தரிசு, சோளக்காடு, கோவை வளர்ந்து வந்து சேர்ந்ததன் அடையாளமாகக் கல் நட்டு ரோடு போட்ட வீட்டுமனைகள்.

கோரிக்கை

கேரளப் பக்கத்துத் தமிழ் விவசாயிகள் சிலர் கேட்டது எளிமையானது. ஊரில் இரண்டு ஏரிகள். முன்பு நல்ல மழைக்கு நிரம்பியவை, இப்போது அதே மழைக்கும் நிரம்புவதில்லை. பஞ்சாயத்தில் கொடுக்க ஒரு ப்ளான் வேண்டும்.

ஏரியைத் தூர்வாரி, கரையில் நடைபாதையும் மரமும் வைத்து ஒரு படம் கொடுத்திருந்தால் அவர்கள் அப்போதைக்குச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இரண்டு மாணவர்களுக்கு அந்த ஆசை இருந்தது. ஆனால் ஏரி நிரம்பாததற்குக் காரணம் ஏரிக்குள் இருக்காது, அது நீர் வரும் வழியில் இருக்கும். ஆகவே நீர்ப்பிடிப்பு முழுவதையும் திட்டப் பரப்பாக எடுப்பது என்று முடிவானது. பரப்பு ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர், இரண்டு மாநிலம், பல வருவாய்க் கிராமங்கள்.

வேலைமுறைக்கு ஹார்வர்டில் பல்லாண்டு பாடம் நடத்திய கார்ல் ஸ்டைனிட்ஸின் ஆறு கேள்விகளை வைத்துக்கொண்டோம். நிலத்தை எப்படி விவரிப்பது, அது எப்படி இயங்குகிறது, இப்போது நன்றாக இயங்குகிறதா, எதை மாற்றலாம், மாற்றினால் என்ன விளையும், யார் எப்படி முடிவெடுப்பது. இவற்றை மூன்று சுற்று கேட்க வேண்டும் என்பது அவர் முறை. இரண்டாம் சுற்றைக் கடைசிக் கேள்வியிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும், அதாவது யார் முடிவெடுக்கிறார்கள், அவர்களுக்கு எந்த விளைவு முக்கியம் என்பதிலிருந்து என்ன தகவல் சேர்ப்பது என்பதற்கு இறங்கி வர வேண்டும். வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகள் நாலாவது கேள்விக்குத் தாவத்தான் துடிப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். பின்னோக்கிய சுற்று அரைகுறையாக முடிந்தது. அதன் விலை மழைக்குப் பிறகு தெரிந்தது.

திரையில் வந்த ஓடை

நிலப்படம் வரைய மென்பொருள் கியூஜிஐஎஸ். காசில்லை, மாணவர்கள் படிப்பு முடித்த பிறகும் கையில் இருக்கும். தரை உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம், அதாவது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பூமியைச் சுற்றி எடுத்த ரேடார் அளவை. நிலப் பயன்பாட்டுக்கு 10 மீட்டர் நுணுக்கமுள்ள சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள். அப்புறம் சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோபோ ஷீட், அதாவது மேடுபள்ளம் காட்டும் நிலப்படம்.

அடுக்கின்மேல் அடுக்கு வைத்து நிலத்தைப் படிக்கும் முறை கணினிக்கு முந்தியது. 1960களில் பென்சில்வேனியாவில் இயன் மெக்ஹார்க் கண்ணாடித்தாள்களில் மண்ணையும் நீரையும் சரிவையும் தனித்தனியே வரைந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். கணினி அதை வேகமாக்கியது, கூடவே ஒரு கெட்ட பழக்கத்தையும் தந்தது. கண்ணாடித்தாளில் வரைந்தவருக்கு ஒவ்வொரு கோடும் எங்கிருந்து வந்தது என்று தெரியும். திரையில் கோடு தானாக வந்து விழுகிறது.

அப்படித்தான் ஓடை வந்து விழுந்தது. அழகான நீலக் கிளைகள். ஆனால் முக்கிய நீர்வழி இரண்டு ஏரியையும் தொடாமல், ஒரு பெரிய தோப்பைச் சுற்றி வளைத்து வடக்கே போனது. அந்தத் தோப்பு இருந்த இடம் படத்தில் ஒரு குன்று. நேரில் போய்ப் பார்த்தால் சமதரை. ரேடார் அலை தரையைத் தொடுமுன் தோப்பின் தலையிலேயே பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. படத்தில் மேடாகத் தெரிந்தது மண் அல்ல, மட்டை.

இன்னும் இரண்டு விஷயம் இருந்தது. எஸ்ஆர்டிஎம் உயரத்தை முழு மீட்டரில்தான் சொல்லும். அதன் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 22 சென்ட். இந்த ஊரில் தண்ணீர் இடப்பக்கம் போகுமா வலப்பக்கம் போகுமா என்பதை முழங்கால் உயர வரப்பு தீர்மானிக்கிறது. அந்த வரப்புக்கு இந்தத் தரவில் இடமே கிடையாது. இரண்டாவது, நீரோட்டத்தைக் கணக்கிடும் வழக்கமான முறையில் முதல் படியே பள்ளங்களை நிரப்புவது. சுற்றிலும் மேடாக இருந்து நடுவில் தாழ்ந்த இடம் எதுவானாலும் தரவுப் பிழை என்று மென்பொருள் நினைத்து மேவிவிடுகிறது. ஏரி என்பதே அப்படிப்பட்ட இடம்தானே. ஏரிக்கு நீர் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு, ஏரியையே இல்லாமல் செய்துவிட்டுப் பதில் தேடிக்கொண்டிருந்தோம்.

செயற்கைக்கோள் படத்திலும் இதேபோல ஒரு சறுக்கல். நீர்ப்பரப்பைப் பிரித்துக் காட்டும் குறியீட்டில் ஓர் ஏரி பாதிதான் தெரிந்தது. மீதியில் ஆகாயத்தாமரை படர்ந்திருந்ததால் அது பயிர்நிலமாகக் கணக்கானது. தென்மேற்குப் பருவ மாதங்களில் மேகம் இல்லாத படம் கிடைப்பதும் அரிது. கோடைப் படத்தை வைத்துக்கொண்டு மழைக்கால நீரைப் பற்றி முடிவு சொல்லும் ஆய்வுகள் எத்தனை என்று அப்போது யோசித்தேன்.

காகிதத்தில் இருந்த ஓடை

அடுத்து வருவாய்த்துறைப் படங்கள். தமிழ்நாட்டுப் பக்கத்துப் புலப்படங்களை இணையத்திலேயே எடுக்க முடிந்தது. கேரளப் பக்கத்துக்கு வில்லேஜ் ஆபீஸ் நடந்தோம். நிலத்தை மறுபடி அளக்க 2022 நவம்பரில் கேரளம் தொடங்கிய டிஜிட்டல் ரீசர்வே எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. இந்த ஊருக்குப் பழைய படமே கதி.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எல்லையில் ஓடை முறிந்து நின்றது. சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது, கோவைப் பக்கம் சென்னை மாகாணம். இரண்டும் வேறு வேறு நிர்வாகம் அளந்த நிலம். இதற்கு மேல் டோபோ ஷீட் எவரெஸ்ட் என்ற பழைய நிலவடிவக் கணக்கில் இருக்கிறது. அதை மாற்றாமல் இன்றைய ஜிபிஎஸ் புள்ளிகளோடு வைத்தால் இந்தப் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் விலகும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி 78 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருப்பதால் மாநிலம் தழுவிய சில தரவுகள், பூமியை நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்து அளக்கும் யுடிஎம் முறையின் 44ஆம் மண்டலத்தில் வந்தன. நம் ஓடை இருப்பது 43இல். இதெல்லாம் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகிற சங்கதி. இங்கே இதைச் சரிசெய்வதில்தான் கல்லூரிப் பருவத்தில் பாதி போனது. பழைய கோயில், கல்கட்டுக் கிணறு, ஊரெல்லைகள் கூடுமிடத்துக் கல் என்று நகராத பொருள்களை நேரில் போய்ப் புள்ளியெடுத்து, அவற்றின்மேல் படங்களைப் பொருத்தி நிறுத்தினார்கள்.

நிறுத்திய பிறகு கிடைத்தது நல்ல பலன். புறம்போக்காகக் குறித்த ஓடையும் ஏரிக்குப் போகும் வாய்க்காலும் தெளிவாக வந்தன. நேரில் அந்த இடத்தில் வாய்க்கால் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. சில இடத்தில் தென்னை வரிசை, ஓரிடத்தில் மனைப்பிரிவின் தார்ச்சாலை.

மழையில் ஓடிய ஓடை

மூன்றாவது கோடு ஆட்களிடமிருந்து வந்தது. நடக்கும் இடத்தைப் படத்தில் குறிக்கும் கியூஃபீல்டு செயலியைக் கைபேசியில் வைத்துக்கொண்டு மாணவர்கள் ஊராருடன் நடந்தார்கள். ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி மாணவி ஒருத்தியிடம் சொன்னது வேலையின் போக்கையே மாற்றியது.

“மழ பேஞ்சா தண்ணி பள்ளத்துல போறதில்ல கண்ணு. பள்ளத்தத்தான் மேவிட்டாங்களே. இட்டேரில தான் போகுது. ஆட்டையே அடிச்சுட்டுப் போயிரும்.”

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இட்டேரியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இருபுறமும் கிளுவை வேலி வைத்த காட்டுவழி. வண்டியும் மாடும் போய்ப்போய்த் தரை பக்கத்துத் தோட்டங்களைவிடத் தாழ்ந்திருக்கும். வருவாய்ப் படத்தில் அது பாதை. உயரத் தரவில் அது இல்லவே இல்லை. மழையில் அதுதான் ஆறு.

ஒரு கோடை மழை நன்றாக அடித்த சாயங்காலம் இரண்டு மாணவர்கள் அங்கேயே இருந்து நீர் வந்த தடத்தைப் படமெடுத்தார்கள். மறுநாள் வேலியில் தொங்கிய சருகும் மண் கோடும் வைத்து மீதித் தடத்தைக் குறித்தார்கள். தோப்புக்குள் கைபேசி ஜிபிஎஸ் தள்ளாடியது. அங்கே நாடாவை வைத்து அளந்தார்கள்.

எடுத்த முடிவுகள்

இப்போது கையில் மூன்று நீர்வழி. கணினி சொன்னது, ஆவணம் சொன்னது, மழை சொன்னது. மாணவர்களின் முதல் எண்ணம் மூன்றில் எது சரி என்று தேர்ந்து மற்ற இரண்டையும் அழிப்பது. அப்படிச் செய்ய வேண்டாம், மூன்றையும் ஒரே தாளில் மூன்று நிறத்தில் வையுங்கள் என்றேன். இந்த ஆய்வில் எனக்கு இன்றும் உறுதியாகப் படும் முடிவு இதுதான். மூன்று கோடும் ஒன்றாக ஓடும் இடத்தில் வடிவமைக்க ஒன்றுமில்லை. பிரியும் இடத்தில் யாரோ எதையோ செய்திருக்கிறார்கள், அல்லது தரவு பொய் சொல்கிறது. இருபது சதுர கிலோமீட்டரில் எங்கே போய் நிற்பது என்ற கேள்விக்கு அந்தப் பிரிவுகளே விடை சொல்லின. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்ததில் பல தென்னை மட்டையின் பொய்கள். அவற்றைக் கழித்தால் மிஞ்சியவை சில. உழுது மூடிய வாய்க்கால், தரைமட்டத்தை உயர்த்திப் போட்ட சாலையில் பத்தாத குழாய், மனைப்பிரிவு விழுங்கிய ஓடைப் புறம்போக்கு.

தரைமட்டம் வேண்டிய அந்தச் சில இடத்துக்கு மட்டும் சிவில் துறையிலிருந்து உயர வித்தியாசத்தை அளக்கும் ஆட்டோ லெவல் கருவி இரவல் வாங்கினோம். ட்ரோன் யோசனையும் வந்தது. சாதாரண ட்ரோன் கேமராவும் மேலிருந்து பார்ப்பதுதான். தோப்பின் அடியில் உள்ள தரை அதற்கும் தெரியாது. லேசர் கருவி பூட்டிய ட்ரோனுக்குப் பணம் இல்லை. சரி, வேண்டாம் என்று விட்டோம்.

அடுத்த முடிவு எதைக் காட்டாமல் விடுவது என்பதைப் பற்றியது. ஊர்க்கூட்டத்தில் படத்தை விரித்ததும் ஒருவர் எழுந்து கேட்டார்: “இதைய வெச்சு எங்க காட்டை டேட்டா பேங்குல ஏத்தீருவீங்களா?” நியாயமான பயம். கேரளத்தில் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வோர் ஊருக்கும் டேட்டா பேங்க் என்ற நிலப் பட்டியல் உண்டு. அதில் நெல்வயலாகவோ நீர்நிலமாகவோ ஏறிய நிலத்தில் வீடு கட்டுவது லேசான காரியம் அல்ல. தவறாக ஏறியது என்று வாதிட்டால், முன்பு நிலம் எப்படி இருந்தது என்று பார்க்கச் செயற்கைக்கோள் படத்தைத்தான் துணைக்கு எடுக்கிறார்கள். ஆக, நமக்கு நீர் தேங்கும் இடம் என்பது வெறும் நீல நிறம், அவருக்கு மகளின் வீட்டுமனை. சட்டம் தேவையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக மாணவர் பயிற்சிப் படம் ஒன்று ஆவணம்போல எங்காவது போய் உட்காரக் கூடாது. பொதுவில் கொடுக்கும் தாளில் சர்வே எண்ணைப் போடுவதில்லை, நீர் தேங்கும் பரப்பைக் கட்டம் கட்டமாக நிறமிடாமல் நீர்வழியாக மட்டும் காட்டுவது என்று முடிவெடுத்தோம். சர்வே எண்ணுள்ள பிரதியைச் சம்பந்தப்பட்ட நிலத்துக்காரரிடம் அவரவர் பகுதிக்கு மட்டும் காட்டினோம்.

எல்லை தாண்டி எவ்வளவு நீர் வருகிறது என்ற கன அளவையும் படத்தில் போடவில்லை. தமிழ்நாடும் கேரளமும் நீரைப் பகிர்ந்துகொள்ளும் பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. சித்தூர்ப்புழை என்ற ஆற்றுக்கு எல்லையோர மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தரவேண்டும் என்பது அதில் உண்டு, அதைப் பற்றிய பேச்சு ஒவ்வொரு கோடையிலும் சூடாகும் ஊர் இது. நம் ஓடைக்கும் அந்த ஒப்பந்தத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் இரு மாநிலத் தண்ணீரை எண்ணில் எழுதிய தாள் எதுவும் இங்கே சாதாரணத் தாளாக இருக்காது. அளக்காமல் மென்பொருள் ஊகித்த எண்ணை அப்படிப்பட்ட சூழலில் விடுவது சரியில்லை.

திட்டம்

மூன்று இடத்துக்கு மூன்று யோசனை. முதல் ஏரிக்குப் போகும் வாய்க்காலின் மூடிய பகுதியைத் திறந்து, இட்டேரி நீரைத் திரும்ப ஏரிப் பக்கம் திருப்புவது. கரையில் ஏற்கெனவே இருக்கும் பனையையும் கிளுவையையும் தொடர்வது, வெளியிலிருந்து அலங்காரச் செடி எதுவும் வேண்டாம். இரண்டாம் ஏரிக்கு முன்னால் சாலைக்கு அடியில் உள்ள குழாயை எடுத்துவிட்டுச் சிறு பாலம். மூன்றாவது, தமிழ்நாட்டுப் பக்கம் இனி வரும் மனைப்பிரிவுகளில் ஓடைப் புறம்போக்கைத் திறந்தவெளியாக விட்டு இருபக்கமும் மரம் வைப்பது.

தாள் இரண்டு மொழியில் அச்சானது. பஞ்சாயத்து அலுவலகத்துக்கு மலையாளம், ஊருக்குத் தமிழ். மலையாளப் பிரதியை ஊர்க்காரர் ஒருவரின் மகள் சரிபார்த்தாள். தாலுகா ஆபீசில் மனு எழுதி எழுதிப் பழகிய கை.

நடந்தவை

முதல் யோசனை மட்டும் நடந்தது. காரணம் எளிது. மகாத்மா காந்தி ஊரக வேலைத் திட்டத்தின் மண்வேலைக்கு அது பொருந்தியது. அந்தத் திட்டத்தில் செலவில் குறைந்தது நூற்றுக்கு 60 பங்கு கூலியாக இருக்கவேண்டும், காண்ட்ராக்டர் கூடாது என்று அப்போது விதி இருந்தது. வாய்க்கால் வெட்டுவது அதற்கென்றே அமைந்த வேலையாக இருந்தது. பாலம் அப்படியல்ல. அதில் பொருள் செலவு அதிகம், சாலையும் பஞ்சாயத்தின் கையில் இல்லை. அது கோப்பில் ஏறி நின்றது. தமிழ்நாட்டுப் பக்கத்து அலுவலகம் யோசனையை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தது. அதற்குப் பிறகு அங்கே ஒரு மனைப்பிரிவின் சுற்றுச்சுவர் ஓடைப் பக்கம் நகர்ந்து வந்ததைத்தான் பார்த்தோம்.

வடகிழக்குப் பருவத்தில் முதல் ஏரி, உபரி நீர் வழியும் கலிங்கு வரை நிரம்பியது. இரண்டாம் ஏரிக்கு எப்போதும்போலக் கால்வாசி.

நிரம்பிய ஏரியைப் பார்க்கப் போன மாணவர்களை மூன்று தோப்புக்காரர்கள் வழிமறித்தார்கள். கோபமாக அல்ல, ஆனால் விடவும் இல்லை. “ஏரி நெம்புனது சந்தோசந்தானுங்க. எங்க கெணத்துக்கு வந்துட்டிருந்த தண்ணிக்கு யாருங்க பதில் சொல்றது?” இட்டேரி வழியாகத் தவறாக ஓடிய அந்த நீர் இத்தனை வருடமாக அவர்கள் தோப்போரத்தில் தேங்கி ஊறிக் கிணற்றை உயிரோடு வைத்திருந்தது. வாய்க்காலைத் திறந்ததும் அது நின்றது. போர் போட்டவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. திறந்த கிணற்றை நம்பிய இந்த மூவருக்கும் உடனே தெரிந்தது. அவர்கள் சொல்வது உண்மையா என்று பார்க்க முந்தைய ஆண்டுக் கிணற்று மட்டம் நம்மிடம் இல்லை. தோப்பின் அமைப்பையும் கிணறு இருக்கும் இடத்தையும் பார்த்தால் அவர்கள் பேச்சில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

ஏரிக்காரர்கள் ஒரு பக்கம், இட்டேரிக்காரர்கள் ஒரு பக்கம் என்று பேச்சு நீண்டது. எல்லாரும் ஒன்றுக்குள் ஒன்று என்பதால் கைகலப்பு வரை போகவில்லை, கல்யாண வீட்டில் முகம் திருப்பும் அளவில் நின்றது. பஞ்சாயத்து உறுப்பினரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து, வாய்க்கால் பிரியும் இடத்தில் நீரைப் பகுக்க ஒத்துக்கொண்டார்கள். மாணவர்கள் திரும்ப லெவல் கருவியை எடுத்தார்கள். வாய்க்காலின் வாயில் குறுக்கே ஒரு கல் படுக்கை: சிறு மழையின் நீர் அதைத் தாண்டாமல் இட்டேரிக்குப் போகும், பெருமழையில் மேலே வழிவது ஏரிக்குப் போகும். கல்லின் உயரம் எவ்வளவு என்பதில்தான் அத்தனை வாக்குவாதமும். திரையில் வரைந்த படம் எதுவும் அதில் உதவவில்லை. லெவல் குச்சியில் விரலை வைத்துக் காட்டித்தான் முடிவானது. அடுத்த மழைகளில் ஏரி முழுதாக நிரம்பவில்லை, முக்கால் வந்தது. கிணற்றுக்காரர்களின் பேச்சு ஓய்ந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பின்னோக்கிய சுற்றை முழுதாகச் செய்திருந்தால் இட்டேரி நீர் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்ற கேள்வி வடிவமைப்புக்கு முன்பே வந்திருக்கும். மூன்று நிறக் கோடுகளில் ஆவணக் கோட்டைச் சரியென்றும் மழைக் கோட்டைத் திருத்தவேண்டியதென்றும் தாள் மறைமுகமாகச் சொல்லிவிட்டது. தவறான வழியில் ஓடும் நீருக்கும் வருடங்கள் போனால் உரிமைக்காரர்கள் உண்டாகிறார்கள். இனி மழைக் கோட்டின் இருபுறமும் உள்ள கிணறுகளைக் குறித்து, வேலைக்கு முன் ஒரு மழைக்காலமாவது மட்டம் எடுக்காமல் எந்த நீர்வழியையும் மாற்றும் யோசனையைக் கொடுப்பதில்லை என்று துறையில் வைத்துக்கொண்டோம்.

உயரத் தரவைப் பற்றி: எஸ்ஆர்டிஎம்முக்குப் பதில் டான்டெம்-எக்ஸ் செயற்கைக்கோள்களின் அளவையிலிருந்து வந்த கோபர்னிகஸ் தரவு பழமையில் குறைந்தது, மரமும் கட்டடமும் கழித்த பதிப்பும் அதற்கு உண்டு. அதையே இனி எடுப்போம். ஆனாலும் அதன் கட்டம் 30 மீட்டர்தான். நீர்ப்பிடிப்பின் வெளி எல்லையை வரைய அது போதும். உள்ளே எங்கே திரும்புகிறது என்பதற்கு லெவல் கருவியும் ஊராரும் வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் ஒரே தரவைப் பயன்படுத்தும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விடச் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்களைக் கடைசியில்தான் சந்தித்தோம். கோரிக்கை கேரளப் பக்கத்திலிருந்து வந்ததால் அப்படி அமைந்தது. ஆனால் தலை அங்கே இருக்கிறது. அங்கே நூறு நாள் வேலையில் தடுப்பணை கட்டும் பேச்சும் இருந்தது. மேலே ஒரு தடுப்பணை வந்தால் கீழே கல் படுக்கையின் உயரக் கணக்கு மாறிவிடும். மேலே நீர் நிறுத்துவது மேலே உள்ளவர்களுக்கு நல்லது, அதைக் கூடாது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஒரே தாளை வைத்துக்கொண்டு இரு பக்கத்தாரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். அதற்கு வழி சம்பந்திகள் மூலமாகத்தான் திறந்தது. இட்டேரிக் கிணற்றுக்காரர் ஒருவரின் மருமகன் வீடு மேற்பகுதியில் இருக்கிறது. அவர் வீட்டுத் திண்ணையில்தான் முதல் கூட்டம் நடந்தது.

படக் கோப்புகள் கல்லூரிக் கணினியில் மட்டும் இருந்தால் மாணவர்கள் போனதும் அவையும் போய்விடும். ஒரு பிரதி பஞ்சாயத்திலும், ஊர் நூலகத்துக் கணினியில் இன்னொன்றும் இருக்கின்றன. நூலகத்தில் உள்ளதில் சர்வே எண் இல்லை. அடுத்த குழு எல்லையின் இரு பக்கத்துக் கிணறுகளையும் குறிக்கும் வேலையில் இருக்கிறது. மட்டம் எடுக்கும் பொறுப்பைக் கிணற்றுக்காரர்களே ஏற்றுக்கொண்டு, நாடாவில் கல் கட்டி இறக்கி நோட்டில் எழுதி வருகிறார்கள். சாலைப் பாலத்துக்கான மதிப்பீடு இன்னும் கோப்பில்தான் இருக்கிறது.